பொடிசின் வண்டிக்குப் போட்ட தகரம்

சைலன்சர் வேலை செய்கிறவனுக்கு நல்ல பெயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. வண்டி சத்தமில்லாமல் ஓடினால் அது வண்டியின் பெருமை. சத்தம் போட்டால் அது சைலன்சர்காரனின் குற்றம். தகரத்தார் இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டும் தலைமுடி நரைக்கும்வரை அதே தொழிலில்தான் இருந்தார். நல்ல பெயருக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது இந்தப் பட்டப்பெயர்.

பெயர் வந்த கதை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அவர் பட்டறையிலிருந்து எந்தப் புகைக்குழாயும் வெறும் குழாயாக வெளியே போகாது. ஓட்டையை அடைக்கச் சொல்லி வண்டியைக் கொண்டுவந்தாலும் சரி, புதுக்குழாய் போடச் சொன்னாலும் சரி, கடைசியில் அதன்மேல் ஒரு தகரக் கவசம் வளைத்து, நான்கு போல்ட்டால் முடுக்கித்தான் அனுப்புவார். வேண்டாம் என்றாலும் போடுவார். அவசரம் என்றாலும் போடுவார். போட்டுவிட்டு, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "தைரியமா கால் வைங்க."

இருசக்கர வண்டிக்கு இது நியாயம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் கால் படும் இடத்தில்தான் கொதிக்கிற குழாய் இருக்கிறது. ஆனால் தகரத்தார் காருக்கும் போட்டார், வேனுக்கும் போட்டார், ஒரு ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் நின்ற ஜெனரேட்டருக்கும் போட்டார். "ஏங்க, மொட்டைமாடியில யார் கால் படப்போகுது?" என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர் கேட்டார். "பூனை வரும்" என்றார் தகரத்தார். பூனைக்கும் கால் நான்கு என்பதால் அந்தக் கவசத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்திருந்தார்.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். தகரத்தார் வீட்டில் சூடு பட்டது தங்கச்சிக்கு. அடுப்பண்டையே கதியென்று கிடந்தது அண்ணன்.

அவருக்கு மீசை அரும்பிய வயதில் அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. தங்கச்சிக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் அவளைப் பொடிசு என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் அப்பா அவளைப் பின்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றிவிட்டு வாசலில் நிறுத்தினார். வழக்கமாக இந்தப் பக்கம் இறங்குகிறவள் அன்றைக்கு அந்தப் பக்கம் சறுக்கி இறங்கினாள். வலது கெண்டைக்கால் சைலன்சரில் ஒட்டிக்கொண்டது. அவள் அலறியது பிறகுதான். அதற்கு முன்னால் வாசனை வந்தது. அந்த வாசனை தகரத்தாருக்கு இன்றுவரை மூக்கிலிருந்து போகவில்லை.

அப்பா தண்ணீருக்கு ஓடினார். அம்மா அப்பாவைத் திட்டினாள். அப்பா வண்டியைத் திட்டினார். யாரும் கவனிக்காத நேரத்தில் பையன் சமையலறைக்குள் போய், காலியான எண்ணெய் டின் ஒன்றை எடுத்து, அம்மாவின் கத்தரிக்கோலாலேயே வெட்டி, வாசற்படியில் வைத்துத் தட்டி வளைத்து, கம்பியால் சைலன்சரில் கட்டினான். கோணல்மாணலாக இருந்தது. கத்தரிக்கோல் அதற்குப் பிறகு துணி வெட்டவே இல்லை. வண்டி கிளம்பினால் தகரம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். தெருமுனையில் அப்பா திரும்பும்போதே சோறு போட்டு வைக்கலாம். ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் கால் சுடவில்லை. அவர் செய்த முதல் வேலை அதுதான். பிறகு செய்ததெல்லாம் அதே வேலையின் நகல்.

பொடிசின் காலில் காயம் ஆறியது. உள்ளங்கை அகலத்துக்கு, சுருங்கிப் பளபளக்கும் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

அவள் வளர்ந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். பலமுறை சொன்னாள், சிரிப்பதை நிறுத்தினார்கள். ஒரு கம்பெனியில் மருந்து அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் பல வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் உண்மையாகவே நின்றாள். உட்கார அங்கே நாற்காலி கிடையாது, கழிவறைக்குப் போக ஒருத்தரிடம் கையை உயர்த்திக் கேட்க வேண்டும். அப்படி நின்று சேர்த்த காசில் ஒரு பழைய வேன் வாங்கினாள். பின்னால் குளிர்ப்பெட்டி பொருத்தி, ஊரெல்லாம் உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு ஊசி மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் லைனைப் பிடித்தாள். "நம்ம வீட்டுப் பொண்ணு கடைசியில வேனைக் கட்டிக்கிட்டா" என்று தகரத்தாரின் மனைவி அக்கம்பக்கத்தில் சொன்னாள். பொடிசு அதை மறுக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் அவள் தங்கினாள்; வேன் பட்டறை முற்றத்தில் தங்கியது.

கல்யாணம் ஆனால் சண்டை வரத்தானே செய்யும். வேன் பாட்டரி விஷயத்தில் மக்கர் பண்ணியது. குளிர்ப்பெட்டி நாள் முழுக்க மின்சாரம் குடித்தது. வண்டியோ தெருவுக்குத் தெரு நின்றது. நின்ற இடத்திலெல்லாம் இன்ஜினை அணைக்க வேண்டும். கிளினிக் வாசலில் புகை விடக்கூடாது என்று கம்பெனி விதி. கிடைக்கிற கொஞ்சநேர ஓட்டத்தில் டைனமோ கொடுக்கிற மின்சாரம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒருநாள் மத்தியானம் கடைசிக் கிளினிக்குக்குப் போவதற்குள் பாட்டரி படுத்துவிட்டது. பெட்டி சூடாகி, உள்ளே இருந்த மருந்தெல்லாம் கொட்ட வேண்டியதாயிற்று. கம்பெனி சூப்பர்வைசர் நேரில் வந்தார். கெட்டவர் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஒரு தடவை ஆகும், விடுங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா லைனை வேற ஆளுக்குக் கொடுக்கறதைத் தவிர எனக்கு வழி இல்லம்மா" என்றார்.

லைன் போனால் வேன் போகும். வேன் போனால் மறுபடியும் பெட்டி அடுக்கும் பிரிவு. அன்று சாயங்காலம் பொடிசு பட்டறையில் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து அண்ணனிடம் சொன்னாள்: "செத்தாலும் அங்க திரும்பப் போக மாட்டேண்ணா. கையைத் தூக்கி ஒருத்தன்கிட்ட அனுமதி கேக்கற வயசா எனக்கு?"

பெரிய டைனமோ போட்டுப் பார்த்தார்கள். பெல்ட் வழுக்கிக் கத்தியது. இரண்டாவது பாட்டரி வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து காலியாயின. குழாயில் தண்ணீர் வராத வீட்டில் எத்தனை குடம் வைத்தால் என்ன.

இந்த இடத்தில் மாடியிலிருந்து இன்ஜினீயர் இறங்கி வந்தாள். பட்டறைக்கு மேலே இருந்த அறையில் வாடகைக்கு இருந்தவள். ஏதோ ஒரு தொழிற்சாலையில் கொதிகலன்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. சாதாரணமாக அவள் கீழே இறங்கினால் சுத்தியல் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லத்தான். அன்றைக்கும் அதற்குத்தான் வந்தாள். டயரின்மேல் உட்கார்ந்திருந்த பொடிசின் முகத்தைப் பார்த்ததும் புகாரை மறந்துவிட்டாள். கதையைக் கேட்டாள். வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பைப்ல போற சூடு அவ்வளவும் வீணாத்தானே அண்ணா போகுது?"

"பின்ன, அதுல தோசைக்கல்லா வைக்க முடியும்?"

"கரன்ட் எடுக்கலாம்."

தகரத்தார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். அதில் பிஸ்கட் அளவில் வெள்ளைத் தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு வயர் வால் மாதிரி தொங்கியது. தகட்டின் ஒரு முகத்தில் சூடு பட்டு, மறுமுகம் குளிர்ச்சியாக இருந்தால் அந்த வயரில் மின்சாரம் வரும் என்றாள். புகைக்குழாயின் மேல் தகட்டின் ஒரு முகம்; மறுமுகத்தில், காற்றுப் பட்டு ஆறுவதற்கு, சீப்புப் பற்கள் போல நீட்டி நிற்கிற அலுமினியத் துண்டுகள். வயரெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து பாட்டரிக்கு. இன்ஜின் இதற்காகத் தனியாக உழைக்க வேண்டியதில்லை.

உருளைக் குழாயில் தட்டைத் தகடு உட்காராது என்பதால் தகரத்தார் குழாயின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் சதுரமாக ஒரு பெட்டி வெல்டிங் வைத்தார். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தார்கள். இவர் தட்டின தட்டில் தகடு உடைந்துவிடும் என்று அவள் கத்தினாள். அவள் பிடித்த பிடியில் வெல்டிங் கோணும் என்று இவர் கத்தினார். மனைவி இருவருக்கும் டீ கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

முடித்த அன்று காலை முற்றத்திலேயே இன்ஜினை ஓட்டினார்கள். வண்டி ஓடும்போது அடிக்கிற காற்றுக்குப் பதிலாக வீட்டு மேசைவிசிறியைத் தரையில் வைத்து அந்தச் சீப்புகளின்மேல் திருப்பிவிட்டார்கள். குழாய் சூடேற ஏற மீட்டரின் முள் மெல்ல நகர்ந்தது, பிறகு எழுந்து நின்றது. பொடிசு கைதட்டினாள். இன்ஜினீயர் தொழிற்சாலைக்கு நேரமாகிவிட்டது என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள்.

அவள் போனதும் தகரத்தார் என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டுமா?

நல்ல தகரமாகத் தேடி எடுத்தார். தங்கச்சி வண்டி அல்லவா, இரட்டை மடிப்பாக வைத்தார். ஓரங்களைக் கை கிழிக்காமல் உள்ளே மடித்துவிட்டார். சதுரப்பெட்டி, வெள்ளைத் தகடு, அலுமினியச் சீப்பு எல்லாவற்றையும் சேர்த்து, குழந்தையைப் போர்வையில் சுற்றுவது மாதிரி சுற்றி, போல்ட் போட்டு முடுக்கினார். அவர் கையால் செய்த கவசங்களிலேயே அழகானது அதுதான் என்று அவருக்கே தோன்றியது. போட்டதில் அவருக்கு இரட்டைத் திருப்தி. ஒன்று, யாருக்கும் சுடாது. இரண்டு, சூடு வெளியே போகாது; சூட்டிலிருந்துதானே மின்சாரம் வருகிறது, சூட்டை அடைத்து வைத்தால் இன்னும் அதிகம் வரும்.

சாயங்காலம் இன்ஜினீயர் வந்து பார்த்தாள். இன்ஜினை ஓட்டி, விசிறியைத் திருப்பினாள். முள் லேசாக அசைந்து அப்படியே படுத்துக்கொண்டது.

"என்னண்ணா இது? யார் இதை மூடச் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம். என் கடையில அது இல்லாம வண்டி வெளிய போகாது."

"சீப்புல காத்து படணும் அண்ணா. அந்தப் பக்கம் ஆறினாத்தான் கரன்ட். மேல ஒரு தொட்டி, கீழ ஒரு தொட்டின்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் ஒரே உயரத்துல இருந்தா தண்ணி ஓடுமா? நீங்க மூடி வெச்சதுல ரெண்டு பக்கமும் ஒரே சூடா ஆயிடுச்சு."

அவள் சொன்னது அத்தனையும் சரி. தகரத்தாருக்கும் அது பாதிக்குமேல் புரிந்தது. புரிந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"பைப் வண்டிக்கு அடியில இருக்கு. அங்க யார் கால் படும், சொல்லுங்க" என்றாள் இன்ஜினீயர்.

"எங்கப்பா வண்டியிலயும் யார் கால் படும்னு தெரிஞ்சா பட்டுச்சு?" என்றார் அவர். குரல் உடைந்தது. அதை மறைக்க அதட்டினார். "தகரம் இருக்கணும். தகரம் வேண்டாம்னா, உங்க பிஸ்கட்டையும் சேத்துக் கழட்டிடறேன். சொல்லுங்க."

இன்ஜினீயர் பொடிசைப் பார்த்தாள். பொடிசு அண்ணனைப் பார்த்தாள். அவர் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தாள்.

"அண்ணன் போட்டது இருக்கட்டும்" என்றாள்.

"அக்கா!"

"இருக்கட்டும்மா. கழட்ட வேண்டாம்."

இன்ஜினீயர் படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மிதி விழுந்தது.

மறுநாள் வேன் கவசத்தோடு கிளம்பிப் போனது. சாயங்காலம் கவசத்தோடு திரும்பியது. தகரத்தார் பயந்துகொண்டேதான் பாட்டரியைச் சோதித்தார். பாட்டரி திடகாத்திரமாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். குளிர்ப்பெட்டி ஒருநாளும் சூடாகவில்லை. கிளினிக்குகளிலிருந்து புகார் வரவில்லை. அந்த வாரத்திலிருந்து தகரத்தார் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இந்தக் கதையைக் கேட்க வேண்டியிருந்தது. "படிச்சவங்க மீட்டரைப் பாப்பாங்க. நான் வண்டியைப் பாப்பேன்" என்று அவர் முடிக்கும்போது வாடிக்கையாளர்கள் தலையாட்டினார்கள், வண்டி அவர் கையில் அல்லவா இருந்தது.

இன்ஜினீயருக்கு மண்டை காய்ந்தது. ஒரு விடுமுறைநாள் காலையில் மீட்டரோடு இறங்கி வந்து முற்றத்தில் மறுபடி சோதித்தாள். முள் படுத்தேதான் கிடந்தது.

"பாத்தீங்களா அண்ணா? வரலை."

"உங்க மீட்டருக்கு வரலை. ரோட்டுல வருதே! ரோடு வேற, முற்றம் வேற."

இன்ஜினீயர் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பொடிசு, துணியைப் பிழிகிற சாக்கில் அவளைப் பார்த்து ஒரு தரம் தலையை அசைத்தாள். இன்ஜினீயர் வாயை மூடிக்கொண்டாள்.

"இருக்கலாம் அண்ணா" என்றாள். "உங்க கைராசியா இருக்கும்." அன்றைக்கு அவள் படியேறியபோது சத்தமே இல்லை. தகரத்தார் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

பொடிசு அப்போதெல்லாம் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்திருந்தாள். "இந்த வெயில்ல எதுக்குடி முழுக்கை?" என்று அண்ணி கேட்டாள். "வண்டி ஓட்டறப்ப ஒரு கை மட்டும் கறுத்துப் போகுது அண்ணி. ரெண்டு கலர்ல இருந்தா யாராவது பொண்ணு பாக்க வந்தா என்ன நினைப்பாங்க?" என்றாள். அண்ணி சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒருநாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரத்தில், தகரத்தார் பழைய இரும்புக் கடைக்கு நடந்து போனார். குறுக்குவழியாகப் போனால் ஒரு மூடிக்கிடந்த கிடங்கின் நீளமான மதில். அந்த மதிலை ஒட்டி, எதிர்வெயிலில் யாருடையது என்று தெரியாதபடி, ஒரு வேன் நின்றது. அடியில் யாரோ மல்லாந்து படுத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வண்டி நின்றுவிட்டது போலிருக்கிறது, ஒரு கை கொடுப்போம் என்று தொழில்காரருக்கே உரிய ஆர்வத்தில் அவர் வேகமாக நடந்தார். பக்கத்தில் போனதும் நடை நின்றது. காலாடை மேலே ஏறியிருந்தது. வலது கெண்டைக்காலில், உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று ஒரு தழும்பு.

அவர் குனிந்து பார்த்தார். கண் மேலே குழாயிலேயே இருந்ததால் அவள் இவரைப் பார்க்கவில்லை. அவள் நெஞ்சின்மேல் அந்த அழகான இரட்டை மடிப்புக் கவசம் கிடந்தது. நாள் முழுக்க ஓடிக் கொதித்துப்போன குழாயின்மேல் அதைத் தூக்கி வைத்து, ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் போல்ட்டைத் தேடினாள். வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தகரம் ஒருபக்கம் சரிந்தது. சரிந்ததைப் பிடிக்கப் போன கை குழாயில் பட்டது. பாட்டு நின்றது. "ஸ்ஸ்" என்று மணிக்கட்டை வாயில் வைத்து ஊதினாள். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் போல்ட்டை எடுத்தாள். பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

தகரத்தார் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். பழைய இரும்பு அன்றைக்கு வாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேன் முற்றத்துக்குள் வந்து நின்றது. வழக்கம்போல் அவர் குனிந்து கவசத்தைப் பார்த்தார். நான்கு போல்ட்டும் முடுக்கமாக இருந்தன. போல்ட்டின் தலைகள் மட்டும், தினமும் கழற்றி மாட்டியதில், தேய்ந்து வெளுத்திருந்தன. இத்தனை நாளும் அதே போல்ட்டைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணில் படவில்லை. தான் போட்ட தகரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

"உன் தகரத்தோட ஜம்முனு ஓடுதுண்ணா" என்றாள் அவள். இடது சட்டைக் கை மணிக்கட்டுக்குக் கீழேவரை இறங்கியிருந்தது.

மனைவி டீயை நீட்டினாள். அவர் வாங்கி வைத்தார். டீ ஆடை கட்டியது. "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டாள். சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

காலையில் பொடிசு சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தபோது அவர் வேனுக்கு அடியில் இருந்தார். முதல் இரண்டு போல்ட் ஏற்கெனவே தரையில் கிடந்தன.

"என்னண்ணா பண்றே?"

"வேலை."

"ஏன், கவசம் ஆடுதா?"

அவர் மீதி இரண்டையும் கழற்றினார். கவசத்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

அவள் சட்டைக் கையை மேலே தள்ளினாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு. ஆறிப்போன பழுப்புக் கோடுகள் சில, தோல் உரிகிற கோடுகள் சில, நேற்றையது சிவந்து நீர் கோத்து நின்றது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, படியேறுகிற மாதிரி.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்ல இருந்து."

"இன்ஜினீயரம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லலை. அதுவா கண்டுபிடிச்சிருக்கும். படிச்ச பொண்ணு."

அவர் கவசத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "கழட்டினது சரி. நான் கூறுகெட்டவன், கழட்டத்தான் வேணும். எதுக்குடி மறுபடியும் மாட்டினே? அதுவும் பைப் கொதிக்கறப்ப?"

பொடிசு அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"காலையில கழட்டறப்ப ஒண்ணும் சுடாதுண்ணா, பைப் ஆறியிருக்கும். சாயங்காலம்தான்..." என்று இழுத்தாள். "நான் வந்து நின்னதும் நீ குனிஞ்சு அதைத்தானே முதல்ல பாக்கறே? பாத்துட்டுத்தானே டீ குடிக்கறே? இல்லேன்னா மொத்தத்தையும் கழட்டிடுவேன்னு சொன்னே. லைன் போயிடும். சொன்னா நீயும் சாப்பிடாம கிடப்பே. இப்படியே பண்ணினா ரெண்டும் நடக்குது. கை சுட்டா ஆறிடப் போகுது."

தகரத்தாருக்கு அழுகை வந்தது. மறைக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டார். ஒரு காலைக் காப்பாற்ற வாழ்நாளெல்லாம் தகரம் வெட்டியவர், அதே தகரத்தால் அதே பிள்ளையின் கையைத் தினமும் சுட்டிருக்கிறார். இதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் தொழிற்சாலைக்குக் கிளம்பி நின்ற இன்ஜினீயர், இறங்காமல் அங்கேயே நின்றாள்.

"சரி, அழாதே. எனக்கு நேரமாச்சு" என்றாள் பொடிசு. எழுந்து வண்டியில் ஏறினாள்.

அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். வண்டியைக் கொடுக்கும்போது சொல்கிற வாக்கியம் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றைக்கு அதைச் சொல்ல முடியாது. அவர் பட்டறையிலிருந்து வெறும் குழாயோடு போகிற முதல் வண்டி இது.

"பாத்துப் போ" என்றார். "அது சுடும்."

"எனக்கா சொல்றே?" என்று சிரித்தாள் அவள். வேன் தெருவில் திரும்பியது.

கவசத்தை அவர் தூக்கிப் போடவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். இருசக்கர வண்டிகளுக்கு எப்போதும்போலப் போட்டார். அன்றைக்கு வந்த ஒருவர் அந்த மின்சாரக் கதையை மறுபடியும் கேட்டபோது, "அதை மாடியில இருக்கற அம்மாகிட்ட கேளுங்க, அவங்கதான் செஞ்சாங்க" என்று சொல்லிவிட்டு வெல்டிங்கைப் பற்றவைத்தார்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தார். வெறும் குழாய், அலுமினியச் சீப்புகள், ஆறும்போது டிக் டிக் என்று அவை போடுகிற சின்னச் சத்தம். பாட்டரியைச் சோதிக்கவில்லை. நிமிர்ந்து, பொடிசு இறங்கும்வரை காத்திருந்து, அவள் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் டீயை எடுத்தார்.